கிளம்புவதற்கு முன்

நான் என்ன வேலை செய்கிறேன் என்பதை இதுவரை யாருக்கும் ஒழுங்காகச் சொன்னதில்லை. அம்மாவுக்கு அது "கம்ப்யூட்டர் வேலை". அண்ணன் அதற்கு மேல் கேட்டதில்லை. மரக்காணத்தில் நான் குடியிருக்கும் தெருவில் என்னை டீச்சர் என்று முடிவு கட்டியிருந்தார்கள். கண்ணாடி போட்டுக்கொண்டு தனியாக இருக்கும் நாற்பது வயதுப் பெண் வேறு என்னவாக இருக்க முடியும்? நானும் திருத்தவில்லை. திருத்தினால் அடுத்த கேள்வி வரும்.

இங்கே சொல்லிப் பார்க்கிறேன். பெரிய கம்பெனிகளில் இப்போது கம்ப்யூட்டர் என்பது பெரும்பாலும் தொட்டுக் காட்டக்கூடிய பெட்டி இல்லை. ஒரே ஒரு பலமான இயந்திரத்துக்குள் பத்து இருபது கம்ப்யூட்டர்கள் ஓடும். ஒவ்வொன்றும் தான் மட்டும்தான் இருப்பதாக நினைத்துக்கொண்டு ஓடும். அவற்றை விர்ச்சுவல் மெஷின் என்பார்கள். எங்கள் சென்னை ஆபீஸ் பல கம்பெனிகளுடைய மெஷின்களைப் பார்த்துக்கொள்கிறது. அவை படுத்துவிடாமல் காப்பதும், படுத்தால் எழுப்புவதும் என் வேலை.

அதற்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று பேக்கப். மொத்த மெஷினையும் தினமும் பிரதி எடுத்து வேறோர் இடத்தில் வைப்பது. இன்னொன்று ஸ்னாப்ஷாட். ஓடிக்கொண்டிருக்கும் மெஷின் அந்த நொடியில் எப்படி இருக்கிறதோ, அதற்கு ஓர் அடையாளம் வைப்பது. எந்த மாற்றம் செய்வதற்கு முன்னும் ஸ்னாப்ஷாட் எடுத்தாக வேண்டும். மாற்றம் சொதப்பினால் அந்த நொடிக்கே திரும்பிவிடலாம். வாழ்க்கையில் இந்த வசதி இல்லை என்று ஆபீஸில் எல்லோரும் ஒரு தடவையாவது ஜோக் அடித்திருப்பார்கள். நான் அடித்ததில்லை.

ஸ்னாப்ஷாட்டுக்கு எங்கள் ஆபீஸில் மூன்று நாள்தான் ஆயுசு. அதற்கு மேல் விட்டுவைத்தால் அது ஊதிக்கொண்டே போய் டிஸ்க்கை அடைத்துவிடும். அழிப்பதால் மெஷினுக்கு ஒன்றும் ஆகாது. அதுவரை நடந்ததெல்லாம் நடந்தபடியே இருக்கும். திரும்பிப் போகும் வழி மட்டும் அடைபடும். ஒருமுறை யாரோ ஒரு மகானுபாவர் எடுத்த ஸ்னாப்ஷாட்டை மறந்துபோனதில், ஒரு கம்பெனியில் பில் போடுவதே நின்றுவிட்டது. அந்தக் கோபத்தில் நான் ஒரு சின்ன புரோகிராம் எழுதினேன். மூன்று நாள் தாண்டிய ஸ்னாப்ஷாட் எங்கே இருந்தாலும் தானாகத் தேடி அழித்துவிடும். யார் எடுத்தது, எதற்கு எடுத்தது என்றெல்லாம் கேட்காது. ஆபீஸில் பாராட்டினார்கள். அந்தப் புரோகிராமைப் பற்றி எனக்குக் கொஞ்சம் கர்வமே இருந்தது.

கொரோனாவில் வீட்டுக்கு அனுப்பிய ஆபீஸ், திரும்பி வா என்று கூப்பிடவே இல்லை. சென்னையில் ஹாஸ்டல் அறைக்கு எதற்கு வாடகை கொடுக்க வேண்டும் என்று இங்கே வந்தேன். அப்பா உப்புக் கம்பெனியில் சூப்பர்வைசராக இருந்த காலத்தில் வாங்கிப் போட்ட வீடு இது. நாங்கள் வளர்ந்தது திண்டிவனத்தில். அப்பா போன பிறகு அம்மா அங்கேயே அண்ணன் வீட்டில் இருக்கிறாள். அதனால் இந்த ஊரை எனக்குத் தெரியும், இந்த ஊருக்கு என்னைத் தெரியாது. ஜன்னலைத் திறந்தால் உப்புப் பாத்திகள். வெயில் ஏறினால் கண் கூசும் என்று திரையைப் போட்டுவிடுவேன். உப்புக் காற்று கேட்டைத் தின்றது, ஜன்னல் கம்பியைத் தின்றது, பிறகு லேப்டாப்பில் சார்ஜர் குத்தும் இடத்தையும் தின்ன ஆரம்பித்தது.

காலை ஆறு மணிக்கு என் ஷிஃப்ட் ஆரம்பிக்கும். இரண்டு மணிக்கு முடியும். அந்த எட்டு மணி நேரத்தில் வாயைத் திறக்கவே வேண்டியிருக்காது. சில நாள் காய்கறி வண்டிக்காரரிடம் "கால் கிலோ" என்று சொல்லும்போது குரல் கட்டிப்போய் வரும். நான் தனிமை விரும்பி என்று என்னைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். அது பொய். நான் தனியாக இருந்தேன், அவ்வளவுதான்.

ஸ்னாப்ஷாட் எடுக்கும்போது திரையில் இரண்டு கட்டங்கள் வரும். முதல் கட்டத்தில் பெயர். எங்கள் ஆபீஸ் வழக்கப்படி எல்லாப் பெயரும் "முன்" என்றுதான் முடியும். பேட்ச்சுக்கு முன். பாஸ்வேர்டு மாற்றுவதற்கு முன். ரீஸ்டார்ட்டுக்கு முன். இரண்டாவது கட்டத்தில் விளக்கம் எழுதலாம். அதை யாரும் எழுதுவதும் இல்லை, படிப்பதும் இல்லை.

ஒருநாள் காலை, நைட் ஷிஃப்ட் ஆள் எடுத்து வைத்திருந்த ஸ்னாப்ஷாட்டைச் சும்மா திறந்து பார்த்தேன். விளக்கக் கட்டத்தில், தமிழை இங்கிலீஷ் எழுத்தில் அடித்து, இப்படி இருந்தது: "இந்த மெஷின் லேட்டாதான் எழுந்துக்கும். மூணு நிமிஷம் பொறுமையா இருங்க. அதுவும் என்னை மாதிரிதான்."

தனியாக உட்கார்ந்து சிரித்தேன். அன்றைக்கு நான் எடுத்த ஸ்னாப்ஷாட்டின் விளக்கத்தில், "எழுந்துடுச்சு. நீங்க போயி தூங்குங்க" என்று எழுதினேன். மறுநாள் காலை பதில் இருந்தது.

அப்படி ஆரம்பித்தது. எங்களில் யாரும் சொந்தப் பெயரில் உள்ளே நுழைவதில்லை. எனக்கு மார்னிங், அவருக்கு நைட், ஷிஃப்ட்டின் பெயர்தான் எங்கள் பெயர். சாட் வசதி இருந்தது. அதில் குட் மார்னிங் டீம் என்று நாற்பது பேர் பூ படம் போடுவார்கள், அதை ஆபீஸ் படிக்கவும் செய்யும். விளக்கக் கட்டத்தை யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. மீட்டிங்கில் அவருடைய மைக் எப்போதும் மூடியே இருக்கும், கேமராவை யாருமே போடுவதில்லை. ஆகவே நானாக ஓர் ஆளைச் செய்துகொண்டேன். இருபத்தெட்டு வயது, தாடி, வேளச்சேரியில் நான்கு பேர் தங்கும் ரூம், தட்டில் நூடுல்ஸ். எனக்குத் தம்பி இல்லை. அந்த இடத்தில் அவரை உட்கார வைத்துக்கொண்டேன்.

உப்பளத்துக்குப் பக்கத்தில் வீடு என்று ஒருமுறை எழுதினேன். அதைப் பிடித்துக்கொண்டார். உப்பு எப்படி விளையும் என்று கேட்டார். பாத்தியில் தண்ணீர் கட்டி வெயிலில் காயவிடுவார்கள், படிந்து வரும் உப்பை நீளக் கைப்பிடி போட்ட பலகையால் இழுத்து வரப்பில் குவிப்பார்கள் என்று எழுதினேன். ஒருநாள் எதிர்பாராத மழை பெய்து, குவிக்காமல் விட்ட உப்பு மொத்தமும் கரைந்துபோனதை எழுதினேன்.

"அப்ப அதுக்கு பேக்கப் இல்லியா?"

"இல்ல. மறுபடி வெயில் அடிக்கணும்."

"நல்ல கம்பெனி. ஒருநாள் வந்து பாக்கணும்."

"வாங்க. மரக்காணம் பஸ் ஸ்டாண்டுல எறங்கினா போதும்."

இதை எழுதும்போது அவர் வருவார் என்று நான் நினைக்கவில்லை. வாங்க என்பது சொல்லி வைக்கிற வார்த்தை. எல்லோரும் எல்லோரையும் வாங்க என்கிறோம்.

எங்கள் பேச்சுக்கும் மூன்று நாள்தான் ஆயுசு. என் புரோகிராம் வந்து ஸ்னாப்ஷாட்டை அழிக்கும்போது அதில் எழுதியதும் சேர்ந்து போய்விடும். அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். எதையும் நான் நகல் எடுத்து வைக்கவில்லை. நாளைக்கு வேறொன்று வரத்தானே போகிறது என்று இருந்தேன்.

ஒரு வியாழக்கிழமை ஷிஃப்ட்டை முடித்து, எல்லாவற்றையும் மூடிவிட்டு, சாப்பிட உட்கார்ந்தபோது அண்ணன் போன் செய்தான். அம்மா பாத்ரூமில் வழுக்கி விழுந்துவிட்டாள். தட்டை அப்படியே வைத்துவிட்டு பஸ் ஏறினேன். லீவு மெயிலை பஸ்ஸிலிருந்தே போனில் அனுப்பினேன். ஸ்னாப்ஷாட்டுக்குள் போக லேப்டாப் வேண்டும். அதனால் நான் இருக்க மாட்டேன் என்பதை அவருக்கு மட்டும் சொல்ல முடியவில்லை.

அம்மாவுக்கு எலும்பு முறிவு எதுவும் இல்லை. கணுக்கால் வீங்கியிருந்தது. மூன்று நாள் பக்கத்திலேயே இருந்தேன். ஞாயிறு காலை கிளம்பும்போது அண்ணன் ஆரம்பித்தான்.

"அங்க யாரு இருக்குறா உனக்கு? செத்துக் கெடந்தாகூட நாலு நாளு கழிச்சுதான் தெரியும். அது என்ன உன் ஊரா?"

அவன் அக்கறையில்தான் சொன்னான். ஆனால் திண்டிவனத்திலிருந்து மரக்காணம் வரும் வரை அவனோடு மனதுக்குள் சண்டை போட்டுக்கொண்டே வந்தேன். பஸ்ஸில் பக்கத்து ஸீட் பெண்மணி வேறு, வீட்டுக்காரர் என்ன செய்கிறார், எத்தனை பசங்க, ஏன் கல்யாணம் ஆகவில்லை, ஜாதகத்தில் ஏதாவது கோளாறா என்று ஊர் வந்து சேரும் வரை விடவில்லை. கழுத்தைப் பார்த்துவிட்டுத்தான் கேள்வியையே ஆரம்பிக்கிறார்கள். இறங்கும்போது எனக்கு எரிந்துகொண்டிருந்தது.

பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே உள்ள டீக்கடையைத் தாண்டும்போது, பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஓர் அம்மாள் எழுந்து என் பக்கம் வந்தார். நரைத்த தலை, நீலப் புடவை, தோளில் ஒரு பை.

"ஏம்மா, உப்பளத்துக்கு எந்தப் பக்கம் போவணும்?"

"எந்தப் பக்கம் போனாலும் உப்பளந்தாங்க" என்றேன், நிற்காமல்.

"நீ இந்த ஊராம்மா?"

ஆமாம் என்றால் எந்தத் தெரு என்று வரும். அப்புறம் வீட்டுக்காரர் வருவார், பசங்க வருவார்கள், ஜாதகம் வரும். இப்படிப்பட்ட நேரங்களுக்கென்று நான் ஒரு பதில் வைத்திருக்கிறேன். அதைச் சொன்னேன்.

"இல்லீங்க."

"சரிம்மா" என்றார். நான் வீட்டுக்கு வந்து, வியாழக்கிழமைத் தட்டைக் கழுவினேன்.

திங்கள் காலை உள்ளே நுழைந்து, முதலில் ஸ்னாப்ஷாட் பட்டியலைப் பார்த்தேன். காலியாக இருந்தது. நைட் ஷிஃப்ட்டில் ஒருவேளை மாற்றம் எதுவும் இல்லையோ என்று நினைத்தேன். பிறகு பதிவைத் திறந்தேன். யார் எப்போது எதை எடுத்தார், எதை அழித்தார் என்று அதில் வரிவரியாக இருக்கும். வியாழன் இரவு நைட் ஷிஃப்ட் ஒரு ஸ்னாப்ஷாட் எடுத்திருந்தது. பெயர்: "கெளம்பறதுக்கு முன்". ஞாயிறு இரவு அது அழிக்கப்பட்டிருந்தது. அழித்தது என் புரோகிராம்.

பதிவில் பெயர் மட்டும்தான் இருக்கும். விளக்கம் இருக்காது.

டீம் லீடைக் கூப்பிட்டேன். என்னைவிடச் சின்னவர், எல்லோரையும் மேடம் என்பார்.

"நைட் ஷிஃப்ட்டா? அவங்க வெள்ளிக்கெழமையோட முடிச்சிட்டாங்க மேடம். ஏஜென்சி மூலமா வந்தவங்க. காண்ட்ராக்ட் நீட்டிக்கல."

"நம்பர் கெடைக்குமா?"

"நம்மகிட்ட இல்லீங்க. ஏஜென்சில கேட்டா குடுக்க மாட்டாங்க, பாலிசி. ஏன், ஹேண்டோவர் ஏதாவது பெண்டிங்கா?"

"இல்ல" என்றேன். ஆமாம் என்று சொல்லியிருக்க வேண்டும்.

அந்த வாரம் எனக்கு யார் மேலும் கோபம் வரவில்லை. கோபம் வராதது பயமாக இருந்தது. புதிதாக வந்த நைட் ஷிஃப்ட் ஆள் ஒழுங்காக ஸ்னாப்ஷாட் எடுத்தார், பெயரை ஒழுங்காக "முன்" என்று முடித்தார், விளக்கத்தைக் காலியாக விட்டார். வேலையில் ஒரு குறையும் சொல்ல முடியாது. காலையில் அந்தக் காலிக் கட்டத்தைத் திறந்து பார்த்துவிட்டு மூடுவேன். மறுநாளும் திறப்பேன்.

அதற்கடுத்த வாரம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோதுதான் அது தோன்றியது. இத்தனை மெஷின்களையும் மேய்ப்பதற்கென்று ஒரு மெஷின் இருக்கிறது. எந்த மெஷினுக்கு எந்த ஸ்னாப்ஷாட், அதன் பெயர் என்ன, விளக்கம் என்ன என்பதெல்லாம் அதன் ஞாபகத்தில் இருக்கும். அழித்தவுடன் அதுவும் மறந்துவிடும். ஆனால் அதுவும் ஒரு விர்ச்சுவல் மெஷின்தான். அதற்கும் தினமும் விடியுமுன் பேக்கப் எடுக்கிறோம். வெள்ளிக்கிழமை விடியற்காலை எடுத்த பேக்கப்புக்கு, வியாழன் இரவு நடந்தது தெரிந்திருக்கும்.

ஈரத் துணியைத் தோளில் போட்டுக்கொண்டே உள்ளே ஓடினேன்.

மாதத்துக்கு ஒருமுறை ஏதாவது ஒரு பேக்கப்பை எழுப்பிப் பார்க்க வேண்டும் என்பது எங்கள் விதி. எழுப்பிப் பார்க்காத பேக்கப்பை நம்பக் கூடாது. எதை எழுப்புவது என்பதை நானே முடிவு செய்யலாம். இந்த மாதத்துக்கு அந்த வெள்ளிக்கிழமை பேக்கப்பைத் தேர்ந்தெடுத்தேன். அசலோடு முட்டிக்கொள்ளாமல் இருக்க, வெளித் தொடர்பு எதுவும் இல்லாத தனி இடத்தில்தான் எழுப்புவோம். எழுந்தது. தான் மேய்க்கும் மெஷின்களைத் தேடியது. எதுவும் கிடைக்கவில்லை. திரையில் எல்லாப் பெயரும் சாம்பல் நிறத்தில் வந்தன, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் "தொடர்பு இல்லை". உள்ளே இன்னும் அந்த வெள்ளிக்கிழமைதான் நடந்துகொண்டிருந்தது. அம்மா கால் வீங்கிப் படுத்திருக்கிறாள், நான் திண்டிவனத்தில் இருக்கிறேன், எதுவும் இன்னும் அழியவில்லை.

"கெளம்பறதுக்கு முன்" இருந்தது. திறந்தேன்.

"நாளையோட எனக்கு இங்க முடியுது. ஒங்ககிட்ட சொல்லாம போக மனசு வரல. நம்பர் எழுதினா ஒங்களுக்குதான் ஆடிட்ல பிரச்சனை வரும், அதனால எழுதல. ஞாயித்துக்கெழம காலைல பாண்டிக்கு அக்கா வீட்டுக்குப் போறேன், இனிமே அங்கதான். வழியில ஒங்க ஊர்ல எறங்கறேன். பஸ் ஸ்டாண்டு எதிர்ல ஒரு டீக்கடை இருக்கும்ல, எந்த ஊர்லதான் இல்ல? அங்க ஒக்காந்திருப்பேன். என்னை யாரோ சின்னப் பையன்னு நெனச்சிருப்பீங்க, எல்லாரும் அப்படித்தான் நெனைக்கிறாங்க. எனக்கு அம்பத்திமூணு வயசு. வீட்டுக்காரரைப் பகல்ல பாத்துக்க ஆளு இல்லாமதான் நைட் வாங்கினேன். அவர் போயி ஒரு வருஷம் ஆவுது. அப்புறமும் நைட்டையே விடல, ஒங்களாலதான். நீலப் புடவை கட்டியிருப்பேன். வர முடியலன்னா பரவாயில்ல, உப்பளத்தைப் பாத்துட்டுப் போயிடறேன்."

இரண்டாவது முறை படிக்க முடியவில்லை. எழுத்து தெரியவில்லை. வாய்விட்டு அழுதேன். அந்த வீட்டில் நான் அழுவது கேட்கிற தூரத்தில் யாரும் இல்லை என்பதால் நன்றாகவே அழுதேன். அவர் முகத்தை ஞாபகப்படுத்திப் பார்த்தேன். நரையும் புடவை நிறமும் வந்தன, முகம் வரவில்லை. நான் நின்று பார்த்திருந்தால்தானே வரும்? "இல்லீங்க" என்று நான் சொன்ன குரல் மட்டும் தெளிவாகக் கேட்டது.

சோதனைக்கு எழுப்பிய மெஷினை அன்றைக்கே அழிக்க வேண்டும். அழித்தேன். முடிவு என்ற இடத்தில் வெற்றி என்று குறித்தேன். பேக்கப்பில் குறையே இல்லை.

அடுத்த ஞாயிறு காலை பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். அவர் அங்கே இருக்கப்போவதில்லை என்பது தெரியும். வீட்டில் இருக்க முடியவில்லை. அதே பெஞ்சில் உட்கார்ந்து ஒரு டீ சொன்னேன். கடைக்காரருக்கு அறுபது வயதிருக்கும். இத்தனை வருடத்தில் அவர் கடையில் நான் டீ குடித்ததே இல்லை.

"போன வாரத்துக்கு முந்தின ஞாயித்துக்கெழம, நீலப் புடவைல ஒரு அம்மா வந்தாங்களா?"

"ஆமா, வந்தாங்க. ரொம்ப நேரம் ஒக்காந்திருந்தாங்க. மூணு டீ குடிச்சாங்க. வர்ற பஸ்ஸையெல்லாம் பாத்துக்கினே இருந்தாங்க. அப்புறம் வெயில்ல உப்பளம் வரைக்கும் நடந்து போயிட்டு வந்து, பாண்டி பஸ் ஏறினாங்க."

"ஏதாவது சொன்னாங்களா?"

"கம்ப்யூட்டர் வேல பாக்குற பொண்ணு ஒண்ணு இந்த ஊர்ல இருக்குதாம், வீடு தெரியுமான்னு கேட்டாங்க. நாப்பது வருஷமா இங்க கட வச்சிருக்கேன், அப்படி யாரும் இந்த ஊர்ல இல்லன்னு சொல்லிட்டேன்." டீயை என் முன்னால் வைத்தார். "ஏம்மா, அப்படி யாராவது இருக்காங்களா? ஒனக்குத் தெரியுமா?"

வழக்கமான பதில் வாய் வரைக்கும் வந்தது.

"நான்தாங்க அது" என்றேன்.

அவர் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். எந்தத் தெரு என்று கேட்டார். பிறகு வீட்டுக்காரர் என்ன பண்றார், எத்தனை பசங்க என்று கேட்டார். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன்.